தொண்ணூறு நாள் தாங்கும் பெட்டி

விருதுநகர் மாவட்டத்தில் தூக்கத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த மனிதர் தற்சமயம் யாரும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்படியொரு துறையில் எனக்குப் போட்டியே இல்லாமல் போனது என் குற்றமும் இல்லை. மற்றவர்கள் தூங்குகிறார்கள், அவ்வளவுதான். தூங்குவதற்கு முன் யாரிடமெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டும், எந்த நொடியிலிருந்து கூப்பிட்டால் காது கேட்காது, கூப்பிட்டவன் திரும்பிப் போய்விட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் அவர்கள் யோசிப்பதில்லை. நான் ஒரு வருடம் யோசித்தேன். மனுசத் தூக்கத்தை அல்ல. அதில் எங்கள் வகுப்பிலேயே என்னைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. நான் யோசித்தது கம்ப்யூட்டரின் தூக்கத்தை.

என் பெயர் கதிரவன். சிவகாசிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ், கடைசி வருடம். அப்பா வெள்ளைத்துரை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அச்சகத்திலிருந்து வெற்று அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விஸ்வநத்தம் போவார், பட்டாசு நிரம்பிய பெட்டிகளோடு திரும்புவார். மற்றபடி என்னை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அது ‘நமுத்த வெடி’ வழியாகத்தான் இருக்கும். இன்ஸ்டாகிராமில் நான் நடத்தும் பக்கம். பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப்பேர் எங்கள் கல்லூரி, மீதிப்பேர் எங்கள் கல்லூரியைப் பிடிக்காதவர்கள்.

கடைசி வருடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். என் கூட்டாளி சினேகா. அவளுடைய அப்பா சங்கிலிமுத்து விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து கலக்கும் அறை அவர் பொறுப்பு. ஈரம் பட்ட மருந்து சும்மா இருக்கும்போதே உள்ளுக்குள் சூடாகும், தொட்டுப் பார்த்தால்கூடச் சில நேரம் தெரியாது என்பது இந்த வட்டாரத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சூட்டைக் கண்டுபிடித்து மணியடிக்கும் ஒரு பெட்டி செய்யலாம் என்றாள் சினேகா. அது அவள் யோசனை. பெட்டிக்கு ‘காவல்’ என்று பெயர் வைத்தது நான்.

முதல்முறை ஆலைக்குப் போன அன்று கேட்டிலேயே செல்போனை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டார்கள். செருப்பைக் கழற்றினோம். சினேகா கொலுசைக் கழற்றினாள். மருந்து அறை என்பது வேப்பமரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு சின்னக் கட்டடம். நாலு பக்கமும் கதவு. கரண்ட் கிடையாது. உள்ளே நாலு பேருக்கு மேல் நிற்கக்கூடாது.

அங்கேதான் சங்கிலிமுத்துவின் வழக்கத்தைப் பார்த்தேன். அந்த அறையில் ஒருவர் மட்டும் வேலையை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போக முடியாது. முடித்தவர் கதவோரம் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ரெண்டாவது ஆள் முடித்ததும் அவரும் உட்காருவார். நாலாவது ஆள் முடித்துக் கையைத் துடைத்தபிறகு சங்கிலிமுத்து, “ஆச்சா?” என்பார். மூன்று பேரும் தனித்தனியாக, “ஆச்சுண்ணே” என்பார்கள். நாலு பேரும் ஒன்றாக எழுந்து வெளியே வருவார்கள். ஆளாளுக்கு ஒரு நேரம் போய் வந்தால் கதவருகே யாராவது ஒருவர் குறுக்கே வந்துகொண்டே இருப்பார், தட்டு இடறும், மருந்து சிந்தும். அதுவரை எனக்குப் புரிந்தது.

புரியாதது அதற்கடுத்தது. பத்தடி நடந்தபிறகு சங்கிலிமுத்து மட்டும் நின்று, திரும்பி, கதவு வரை போய்க் கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பார்ப்பார். மூக்கால் இழுத்து மோந்து பார்ப்பார். ஒன்றுமில்லை என்றால் வருவார். ஏதாவது இருந்தால் உள்ளே போகாமல், கத்தி எல்லாரையும் ஓடச் செய்வார். பதினெட்டு வருடத்தில் நாலு தடவை அப்படி ஓடியிருக்கிறார்களாம். நாளைக்கு மூன்று தடவை இந்தச் சடங்கு. நான் கையில் கடிகாரம் இல்லாததால் மனதுக்குள் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் போகிறது.

“வீட்டப் பூட்டுனமா இல்லையான்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்புற ஆளு போல இருக்கு உங்கப்பா,” என்றேன்.

சினேகாவுக்குக் கோபம் வரவில்லை. “ஆச்சுன்னு நாலு பேரும் சொல்லிட்டாக. சொன்னதுக்குப் பெறகு உள்ள எதாச்சும் நடந்தா யாருக்குலே தெரியும்?” என்றாள்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பிடும்போது அவள் என் பக்கத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். அந்த வாரம்தான் ‘விபத்து அறிக்கை: சிக்கனப் பதிப்பு’ என்று ஒரு படிவம் தயாரித்துப் போட்டிருந்தேன். தேதிக்கும் ஊருக்கும் மட்டும் கோடு. காரணம் என்ற கட்டத்தில் ‘உராய்வு’ என்று முன்கூட்டியே அச்சடித்திருக்கும். பொறுப்பு என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இப்படிவத்தால் பாதிக்கப்படுபவர் மறுப்புத் தெரிவிக்க நேரில் வரவும். எங்கள் மாவட்டத்தில் எந்த ஆலை வெடித்தாலும் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர் அந்த இரண்டு வார்த்தையை அச்சுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார் என்பதால், படிவம் ஒரு லட்சம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

சினேகா அதை ஒப்பித்துக் காட்டினாள். சங்கிலிமுத்து புரையேறும்வரை சிரித்தார். கூட வேலை பார்க்கும் பாண்டிலட்சுமி அக்கா அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

“ஏலே, நல்லாத்தான் எளுதியிருக்க. ஆனா நிசத்துல அத எளுதுறவன் ஒண்ணும் டெல்லிலருந்து வாரதில்லலே. அவனும் இங்கனதான் எங்கயாச்சும் டீ குடிச்சிக்கிட்டு இருப்பான்,” என்றார்.

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

இனி பெட்டி. சுருக்கமாகச் சொல்கிறேன்; புரியாவிட்டால் அது என் தவறு. பெட்டிக்குள் ஒரு சில்லு. சில்லுக்குள் நாலு கோர், அதாவது நாலு தனித்தனி மூளை. ஒன்று சூட்டைப் பார்க்கும், ஒன்று ஈரத்தைப் பார்க்கும், ஒன்று புகையைப் பார்க்கும், ஒன்று மணியடிக்கும். வேலை இல்லாதபோது ஒவ்வொன்றும் தனியாகக் கண்ணயரலாம், ஆனால் அதில் பேட்டரி பெரிதாக மிச்சமாகாது. பேட்டரி மிச்சமாக வேண்டும் என்றால் நாலுக்கும் பொதுவான மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். நாலும் வேலை முடிந்து “ஆச்சு” என்று சொன்னால்தான் அதை அணைக்கலாம். முதலில் முடித்தது மற்றவற்றுக்காகக் காத்திருக்கும். ஈரம் பார்க்கும் கோர் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. அதற்காக மற்ற மூன்றும் ஒன்றிரண்டு நொடி வாசலில் நிற்பதுண்டு.

சிக்கல் அந்த ஒன்றிரண்டு நொடியில் இருக்கிறது. சூடு பார்க்கும் கோர் “ஆச்சு” சொல்லிவிட்டது. கடைசி ஆள் இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே சூடு எல்லையைத் தாண்டுகிறது. சென்சார் ஒருமுறை கூப்பிடும். ஒரே ஒருமுறை. வாசலில் பேரைச் சொல்லிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடும் கூரியர்காரரைப் போல. அதை யாரும் கவனிக்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் அந்த அழைப்பு அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்துப் பெட்டி தானாக விழித்துச் சுற்றிலும் பார்க்கும்வரை நாலுக்கும் எதுவும் தெரியாது.

இதற்கு மருந்தும் எளிதுதான். நாலும் “ஆச்சு” சொன்னபிறகு, சுவிட்சை அணைப்பதற்கு முன், யாருக்காவது அழைப்பு வந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். வந்திருந்தால் தூக்கம் ரத்து, எல்லாரும் எழுந்திருக்க வேண்டும். சினேகா அதைப் பெட்டியின் ப்ரோகிராமில் எழுதினாள். ஒரே ஒரு வரி. பக்கத்தில் குறிப்பாக, ‘அப்பா திரும்பிப் பார்க்கிறார்’ என்று தமிழில் எழுதி வைத்தாள்.

ஆலை முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சி மோசமான ஆள் இல்லை. எங்களை உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார்.

“பேட்டரி எத்தன நாளைக்கு வரும்?”

“அறுவது நாள் வரும் அண்ணாச்சி,” என்றேன்.

“அறுவத்தோராவது நாளு என்ன செய்வீக?”

“பெட்டியத் தெறந்து மாத்தணும்.”

“ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிக்கிட்டு மருந்து ரூமுக்கு.” அவர் சிரிக்கவில்லை. “தம்பி, அந்தச் செவுத்துல இரும்பு படணும்னா ரூம காலி பண்ணணும், களுவணும், காயப் போடணும். ரெண்டு நாளு. சீசன்ல மருந்து ரூமு ரெண்டு நாளு நின்னா மத்த முப்பது ரூமும் கையக் கட்டிக்கிட்டு நிக்கும். ஆடில மாட்டுனா தீவாளி லோடு போன பெறகுதான் தெறக்கணும். தொண்ணூறு நாளு. முடியும்னா மாட்டுங்க. முடியாதுன்னா காலேஜ்ல வச்சு அளகு பாருங்க.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தேன். பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது சினேகாவின் வரிதான். நாலும் தூங்கத் தயாராகும் ஒவ்வொரு தடவையும் அது திரும்பிப் பார்த்தது. யாருக்காவது அழைப்பு இருந்தால் நாலையும் எழுப்பி விட்டது. எழுந்து பார்த்தால் காற்று. இன்னொரு தடவை, ரோட்டில் போன லாரியின் அதிர்வு. இன்னொரு தடவை, சென்சார் குழாயின் மேல் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. நூறில் தொண்ணூற்றொன்பது தடவை வெறும் பயம். நான் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு நாள் வரும் என்று காட்டியது.

எடுத்தது எடுத்ததாகவே இருந்தது. சினேகாவிடம் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. ஹேர் டிரையரால் சூடுகாட்டி இருநூறு தடவை சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது. பேட்டரியை எப்படி நீட்டினாய் என்று மட்டும் கேட்டாள். கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன் என்றேன். அது உண்மை.

ஆடிக் கடைசியில் மாட்டினோம். பெட்டி வெளிச்சுவரில், விரல் நீளக் குழாய் ஒன்று மட்டும் அறைக்குள். கல்லூரி முதல்வர் வந்து படம் எடுத்துக்கொண்டார். பெங்களூர் கம்பெனி ஒன்று, நிஜ ஆலையில் தொண்ணூறு நாள் ஓடினால் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்பியது. அண்ணாச்சி ஆட்களைக் கூப்பிட்டு, “மணி அடிச்சா ஓடிரணும். அடிக்கலேன்னா நிம்மதியா வேலயப் பாருங்க,” என்றார். இரண்டாவது வாக்கியத்தை நாங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது தானாகவே கிளம்பி வந்தது.

ஆவணியில் ஒருநாள் போனபோது சங்கிலிமுத்து இன்னமும் பத்தடி நடந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

“இன்னும் என்னப்பா திரும்பிக்கிட்டு. அதான் பெட்டி பாக்குதுல்லா,” என்றேன்.

“பெட்டிக்கு மூக்கு இருக்காலே?”

“ஒங்க மூக்கவிட நல்ல மூக்குப்பா. சளி புடிக்காது.”

பாண்டிலட்சுமி அக்கா சிரித்தார். “விடுங்கண்ணே, ஒங்களுக்கும் வயசாகுது. மிசினு பாத்துக்கிடும்,” என்றார். சங்கிலிமுத்துவும் சிரித்தார். திரும்பிப் பார்ப்பதை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அதற்குப்பிறகு கதவருகே போகுமுன் ஒருமுறை பெட்டியைப் பார்த்துக்கொள்வார். ரோட்டைத் தாண்டும்போது போலீஸ்காரரைப் பார்ப்பது மாதிரி.

மாட்டிய நாற்பத்தோராம் நாள். புரட்டாசி மாதம். முந்தின ராத்திரி மழை. காலை பத்து ஐம்பத்தெட்டு. நான் அங்கே இல்லை. பாண்டிலட்சுமி அக்கா சொன்னதைச் சொல்கிறேன். நாலு பேரும் ஆச்சு என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்கள். பத்தடி. அவர் நின்று திரும்பினார். “வாட ஒரு மாதிரி வருது,” என்றார். அக்கா, “ஓடிருவமாண்ணே?” என்று கேட்டார். அவர் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் என்கிறார் அக்கா.

“மணி அடிக்கலையே தாயி. அம்புட்டுலாம் இருக்காது. மிச்ச மருந்த மட்டும் மண்ணுல கொட்டிட்டு வாரேன். நீங்க நடங்க,” என்று சொல்லிவிட்டு, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கழுத்தோடு நிற்காமல் உள்ளே போனார்.

மற்ற மூன்று பேருக்கும் காயம் இல்லை. வேப்பமரங்கள் இரண்டு கருகின. அவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் இருந்தார்.

நாற்பத்தோராம் நாள். சினேகாவின் வரி இருந்திருந்தாலும் பேட்டரி அறுபது நாள் வந்திருக்கும். இந்தக் கணக்கை நான் ஒரே ஒரு தடவைதான் போட்டேன். அது மனதில் நின்றுவிட்டதால் மறுபடி போட வேண்டியிருக்கவில்லை.

மேலே, இருநூறு தடவையும் மணி அடித்தது என்று சொன்னேன். அது கொஞ்சம் சுருக்கிச் சொன்னது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது தடவை அடித்தது. நூற்றுப்பதினாலாவது தடவை அடிக்கவில்லை. ஹேர் டிரையரைக் கையில் பிடித்தபடி நின்றேன். பத்து நிமிடம் கழித்து அது தானாக விழித்து, ஏதோ அப்போதுதான் தெரிந்தது மாதிரி, மணியடித்தது. என் கை சரியாகக் காட்டவில்லை என்று வைத்துக்கொண்டேன். தாளில் இருநூறு என்று எழுதினேன். முழு எண் பார்க்க நன்றாக இருக்கும்.

விபத்து முடிந்த நாலாம் நாள் விசாரணை அதிகாரி பெட்டியை என்னிடம் கொடுத்தார். வெளிச்சுவரில் இருந்ததால் மேலே உருகியிருந்ததே தவிர உள்ளே நன்றாக இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்னையும் சினேகாவையும் விட்டால் யாரும் இல்லை. சினேகா அப்பாவின் துட்டி வீட்டில் இருந்தாள். ஆகவே நான் படித்தேன். சென்சார் தான் கூப்பிட்டதைத் தன் பங்குக்கு எண்ணி வைக்கும்; மணி தான் அடித்ததைத் தன் பங்குக்கு எண்ணி வைக்கும். அன்று காலை சூட்டுச் சென்சார் கூப்பிட்டது ஒன்று. மணி அடித்தது பூஜ்யம். கூப்பிட்ட நேரம் பத்து ஐம்பத்திரண்டு. அதாவது அவர்கள் எல்லாரும் ஓடிப்போய்க் கேட்டுக்கு வெளியே நின்று, டீ சொல்லி, பாதி குடித்து முடிக்கும் அளவுக்கு நேரம் இருந்திருக்கிறது.

அந்த எண்களை நான் அழித்தேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் எதையும் அழிக்கவில்லை. பெட்டிக்குள் புதிய மென்பொருள் ஏற்றினேன். ஏற்றினால் எண்ணிக்கை தானாகவே பூஜ்யத்துக்குப் போய்விடும். ஏற்றிய மென்பொருளில் சினேகாவின் வரி இருந்தது. அவள் குறிப்போடு, அவள் வைத்த இடத்திலேயே. மென்பொருள் ஏற்றிய தேதியையும் ஆடி மாதத்துக்கு மாற்றினேன். அதிகாரியிடம், சென்சார் கூப்பிடவே இல்லை, ஆகவே மணி அடிக்கவில்லை, கருவியில் கோளாறு இல்லை என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சினேகா ஆய்வகத்துக்கு வந்தாள். உட்காரவில்லை. “ப்ரோகிராமக் காட்டு,” என்றாள். காட்டினேன். கீழே உருட்டிக்கொண்டே போய் அந்த வரியில் நிறுத்தினாள். திரையில் விரலை வைத்துக் குறிப்பைப் படித்தாள்.

“இருக்கு,” என்றாள்.

“இருக்கும்லா.”

“பேட்டரிக்காக நீ இத எடுத்திருப்பியோன்னு பத்து நாளா நெனச்சிக்கிட்டே கெடந்தேன். ஒன்னய மனசுக்குள்ள அம்புட்டு ஏசுனேன். மன்னிச்சிருலே.”

நான் மன்னித்தேன்.

போகும்போது கதவருகே நின்றாள். “எனக்கு வேற எதுவும் வேண்டாம் கதிர். எங்கப்பா பேருக்கு நேர அந்த ரெண்டு வார்த்த மட்டும் வரக்கூடாது. வாள்க்க பூரா திரும்பிப் பாத்த மனுசன். அது மட்டும் வந்துறாமப் பாத்துக்கிடு. நீதான எளுதிக் கிளிப்பியே.”

சரி என்றேன்.

விசாரணை அதிகாரி மரியாதையானவர். என்னைத் தம்பி என்றார், டீ வரவழைத்தார். அவருக்குப் பின்னால் மின்விசிறி ஆடிக்கொண்டிருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு படிவம். கருவியைச் செய்தவர்கள் என்ற முறையில் என்னுடையதும் சினேகாவுடையதுமாக இரண்டு கையெழுத்து வேண்டும் என்றார். சினேகா வெளியே பெஞ்சில் இருந்தாள்.

“கருவி நல்லாத்தான இருந்துச்சு?” என்றார்.

“ஆமா சார்.”

“அப்பச் சூடு ஏறல.”

“ஏறியிருந்தா அடிச்சிருக்கும் சார்.”

“அப்ப அவரு உள்ள போனபெறகு எதோ நடந்திருக்கணும்.” அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். “காரணமும் பொறுப்பும் நீங்களே எளுதிருங்க. மிசினு வெசயம், நாங்க எதாச்சும் தப்பா எளுதிறக் கூடாது பாருங்க.”

நான் கொஞ்ச நேரம் அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்தேன். அவசரப்படவில்லை. யோசித்துத்தான் செய்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டி விழித்திருந்தது என்று ஆகிவிட்டது. பெட்டி விழித்திருந்தால் மருந்து தானாகச் சூடாகவில்லை. தானாகச் சூடாகவில்லை என்றால் தட்டு எங்கோ உரசியிருக்க வேண்டும். தட்டைத் தொட்டவர் ஒருவர்தான். இதில் எங்கேயும் என் விருப்பு வெறுப்பு கலக்கவில்லை. ஒவ்வொன்றும் அதற்கு முந்தினதிலிருந்து வருகிறது. இதைத் தடுக்க வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு நேரம் கடந்துவிட்டது. தவிர, கருவியில் கோளாறு இல்லை என்று அறிக்கை வந்தால் நாற்பத்தோரு நாளே போதும் என்று பெங்களூர் கம்பெனி எழுதியிருந்தது. சினேகாவுக்கும் சேர்த்துத்தான் அந்த வேலை, அவள் வீட்டில் இனி சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

டீயில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு எழுதினேன். முதல் கட்டத்தில் ஒரு வார்த்தை. இரண்டாவது கட்டத்தில் இரண்டு வார்த்தை. என் கையெழுத்து பொதுவாக நன்றாக இருக்காது, அன்று நன்றாக வந்தது.

சினேகாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“கதிர். எங்கப்பா அப்பிடி அசந்துபோற ஆளாலே?”

“எல்லாரும் ஒரு நாளு அசந்துருவாக சினேகா.” பிறகு மெதுவாகச் சொன்னேன். “ஒன் வரி இருந்துச்சுல்ல. நீயே பாத்தல்ல. அது இருந்தும் மணி அடிக்கலேன்னா, அப்ப வேற என்ன?”

மின்விசிறி ஒரு சுற்று இந்தப் பக்கம் வந்து போனது. அவள் எழுதிய வரி அது; அதைவிட நம்பகமான சாட்சி அவளுக்கு யார் இருக்கிறார்கள். பேனாவை வாங்கினாள். ச. சினேகா என்று என் பெயருக்குக் கீழே போட்டாள். அந்தப் படிவத்தில் சங்கிலிமுத்துவுடையது என்று இருப்பது அவள் பெயருக்கு முன்னால் வரும் அந்த ஓர் எழுத்துதான்.

ஆகவே அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்றுதான் எழுதினேன். யார் பெயரையும் எழுதவில்லை.